கண்டவர் கடன்

ஓர் அரசர் தன் உல்லாசப் பயணத்தை நிறுத்திக்கொண்ட சேதியைப் பாறையில் வெட்டிவைத்தார். அசோகரின் எட்டாம் பெரும்பாறைக் கல்வெட்டைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பழைய அரசர்கள் விகார யாத்திரை போனார்கள். அதில் வேட்டை உண்டு, வேறு கேளிக்கைகளும் உண்டு. அசோகரோ முடிசூடிப் பத்தாண்டு ஆனபோது சம்போதிக்குப் போனார். அன்று முதல் அவருடைய பயணங்கள் தம்ம யாத்திரைகள் ஆயின. சம்போதி என்பது போதி மரம் நின்ற இடம், இன்றைய புத்தகயா, என்பது அறிஞர் பலரின் முடிவு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட இந்தச் சில வரிகள், உலாவையும் யாத்திரையையும் எதிரெதிராக நிறுத்திய மிகப் பழைய சான்றுகளில் சேரும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அசோகர் ஒதுக்கிய ‘விகாரம்’ என்ற சொல்லுக்கு உலாவுதல், களித்திருத்தல் என்று பொருள். அதே சொல்தான் பிக்குகள் தங்கிய மடத்துக்கும் பெயரானது. இலங்கைத் தமிழில் விகாரை ஆனது. அசோகரின் மகதம் இன்று பிகார் என்று அழைக்கப்படுவதும் அந்த மடங்களால்தான். அரசர் தள்ளிவைத்த சொல்லே கடைசியில் அவருடைய நாட்டுக்குப் பெயராகிவிட்டது.

உலாவா யாத்திரையா என்ற அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. புத்தகயா, ராஜ்கிர், லும்பினி என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். பக்தியோடு போகிறவர் யாத்ரீகர், மலையையும் சோலையையும் பார்க்கப் போகிறவர் சுற்றுலாப் பயணி. முன்னவர் வணங்குகிறார், பின்னவர் படம் பிடிக்கிறார் என்பது ஒரு கட்சி. இதெல்லாம் வெறும் பாவனை. இரண்டு பேரும் ஒரே ரயிலில் வந்து, ஒரே விடுதியில் தங்கி, ஒரே கடையில் மணிமாலை வாங்குகிறவர்கள்தாம் என்பது மறு கட்சி. சண்டை எவ்வளவு சூடானாலும் இரண்டும் ‘என்ன நோக்கத்தோடு வந்தாய்?’ என்ற கேள்வியை விட்டு நகர்வதில்லை. பௌத்த நூல்களையும் கல்வெட்டுகளையும் பழைய பயணக் குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு என்று தெரிகிறது. பார்த்தது பார்த்தவரை என்ன செய்தது? பார்த்தவர், பார்த்த இடத்துக்கு என்ன செய்தார்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால், எதற்காக வந்திருந்தாலும் அது யாத்திரை. இல்லையென்றால் காவி கட்டிப் போனாலும் உலாதான். இதை ஏற்பதற்கு முன், அழகான இடத்தைப் பார்க்கும் ஆசை யாத்திரைக்குப் பகை என்ற பழைய எண்ணத்தை எடைபோட்டாக வேண்டும்.

பகை இல்லை என்பதற்கு முதல் சாட்சி புத்தரே. தன்னுடைய தேடலைப் பற்றி அவர் பிக்குகளிடம் சொல்வதாக மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆசிரியர் இருவரை விட்டு விலகி, மகதத்தில் அலைந்து திரிந்து, இன்றைய புத்தகயாவான உருவேலாவை அடைகிறார். அங்கே அவர் கண்ணில் படுகிறவை: மனதுக்கு இதமான நிலம், அழகான சோலை, தெளிந்து ஓடும் ஆறு, இறங்குவதற்கு நல்ல துறை, பிச்சைக்குப் போக அருகிலேயே ஒரு கிராமம். முயற்சியில் இறங்குகிறவனுக்கு இவ்வளவு போதும் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். நெடுவழி நடந்து பழகிய ஒருவர் இரவுக்கு இடம் பார்க்கும் விதம் இது. ஞானம் கிடைத்த பிறகு உருவேலாவுக்கு அழகு ஏற்றிச் சொல்லவில்லை. அழகாக இருந்ததால் அங்கே அமர்ந்தார், புனிதம் பின்னால் வந்தது. பட்டியலின் கடைசியில் கிராமம் இருப்பதையும் விட்டுவிடக்கூடாது. ஆற்றின் தெளிவும் அடுத்த வேளைச் சோறும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ‘ரமணீயம்’ என்ற அடைமொழி பாலி நூல்களில் இப்படி இடங்களோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கடுந்தவத்துக்குப் பெயர்பெற்ற மகாகாசியபரே தேரகாதையில் பாறைகளையும் மழையையும் மயில்களையும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

வாழ்வின் முடிவிலும் அதே சொல் திரும்புகிறது. மகாபரிநிப்பான சூத்திரத்தில் 80 வயது புத்தர் வைசாலியில் ஒரு சேதியத்தில், அதாவது வழிபாட்டிடத்தில், அமர்ந்து, இந்த ஊர் இனியது, இன்ன சேதியம் இனியது என்று தன் சீடர் ஆனந்தரிடம் பெயர் பெயராகச் சொல்கிறார். விரும்பினால் தான் இன்னும் நெடுங்காலம் இருக்க முடியும் என்று ஜாடையாகவும் சொல்கிறார். ஆனந்தருக்கு அது எட்டவில்லை. இருங்கள் என்று கேட்காமலே இருந்துவிடுகிறார். பிறகு ஊரை விட்டுப் புறப்படும்போது, யானை திரும்புவதுபோல உடல் முழுவதையும் திருப்பி வைசாலியைப் பார்க்கிறார் புத்தர். இதுதான் கடைசியாகப் பார்ப்பது என்று சொல்லிவிட்டு நடக்கிறார். அதே நூலில்தான் பின்னால் நான்கு தலங்கள் குறிக்கப்படுகின்றன: பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் போதித்த இடம், மறையும் இடம். அவற்றுக்கு அடையாளமாக இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று ‘தஸ்ஸனீய’, காணத் தக்கது. மற்றது ‘சம்வேஜனீய’, சம்வேகத்தை எழுப்புவது. நிலையாமை நேராகக் கண்ணில் படும்போது உள்ளே விழும் அடியும், இனி வீணாக்க நேரமில்லை என்ற பதைப்பும் சேர்ந்ததுதான் சம்வேகம். முங்கிக் குளி, வேள்வி செய், நேர்ந்துகொள் என்று அங்கே கட்டளை இல்லை. நூல் போய்ப் பார்க்கச் சொல்கிறது. பார்த்தது உலுக்க வேண்டும் என்கிறது.

துறவைப் பேசும் சமயத்தில் அழகுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேட்பதற்கு நூலாதாரமும் உண்டு. ஊரோ காடோ, பள்ளமோ மேடோ, அரகந்தர்கள் வாழும் இடமே இனிய இடம் என்பது தம்மபதத்தின் கருத்து. அப்படியானால் மலையும் ஆறும் வெறும் ஜோடனை, அவற்றில் மயங்குவது பற்று, பற்று துக்கம். எதிர்வாதம் வலுவானதுதான். ஆனால் தம்மபதமும் ‘இனிய இடம்’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. இனிமை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் மாற்றிச் சொல்கிறது. பற்று என்பது அழகை உணர்வதில் இல்லை, உணர்ந்ததைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளத் துடிப்பதில் இருக்கிறது. வைசாலியைத் திரும்பிப் பார்த்த பார்வை எதையும் பிடித்துவைக்கவில்லை. அது விடைபெறும் பார்வை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: இனிது என்று ஒருபோதும் உணராத ஒன்று அழிந்தால் யாருக்கும் உள்ளே அடி விழாது. ரமணீயம் இல்லாமல் சம்வேகம் இல்லை. உருவேலாவின் ஆறே இதற்கு உரை. நிரஞ்சனா இன்று ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பு. கொஞ்சம் வடக்கே கயாவில், இதே நீர்வழி பல்கு என்ற பெயரோடு ஓடும் இடத்தில், பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் எடுப்பது பழைய வழக்கம். ‘தெளிந்து ஓடும் ஆறு’ என்று படித்துவிட்டு வருகிறவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றத்தோடு கரையில் கொஞ்ச நேரம் நின்றால், நூல் சொன்ன இரண்டாவது சொல்லின் பொருள் காலடியில் கிடப்பது தெரியும்.

ராஜ்கிரின் கழுகுமலை இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. பாலியில் கிஜ்ஜகூடம், வடமொழியில் கிருத்ரகூடம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் இங்கே வந்த விதத்தை அவரே எழுதியிருக்கிறார். புது நகரில் தூபமும் பூவும் எண்ணெயும் விளக்கும் வாங்குகிறார். அங்கே நெடுநாள் வாழ்ந்த பிக்குகள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார். பூவும் தூபமும் படைத்து, இருட்டியதும் விளக்கேற்றுகிறார். புத்தர் வாழ்ந்த காலத்தில் பிறக்கவில்லையே, அவர் இருந்த சுவடுகளை மட்டும்தானே பார்க்கக் கிடைத்தது என்று அழுகிறார். சூத்திரம் ஓதி, இரவு முழுவதும் அங்கேயே தங்கி, பிறகுதான் ஊர் திரும்புகிறார். இருநூறு ஆண்டு கழித்து வந்த இன்னொரு சீனத் துறவி யுவான் சுவாங், மகத அரசர் பிம்பிசாரர் போட்டதாகச் சொல்லப்படும் மலைப்பாதையில் இரண்டு சிறு தூபிகளைக் குறிக்கிறார். ஒன்று அரசர் வாகனத்தை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிய இடம். மற்றது கூட வந்த கூட்டத்தை அவர் திருப்பி அனுப்பிய இடம். எங்கே ஊர்தியை விட வேண்டும், எங்கே ஆரவாரத்தை விட வேண்டும் என்பதற்கு நினைவுச்சின்னம் எழுப்பிய மரபு அது.

இன்று அதே மலைத்தொடரில், ரத்னகிரி உச்சியில், ஜப்பானியத் துறவி நிச்சிதாத்சு புஜியின் முயற்சியில் 1969இல் திறக்கப்பட்ட வெண்ணிற விசுவ சாந்தி ஸ்தூபி நிற்கிறது. ஒற்றை ஆள் உட்காரும் நாற்காலிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே ஏறும் ரோப் காரில் அங்கே போகலாம். கழுகுமலைக்கு இன்றும் நடைதான். சற்றுத் தள்ளிக் காட்டுப் பகுதியில் 2021 முதல் கண்ணாடிப் பாலம் ஒன்றும் உண்டு. காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு தெரிய நின்று படமெடுத்துக்கொள்ளலாம். ரோப் காரையும் கண்ணாடியையும் பழிப்பது எளிது. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு அந்த நாற்காலிதான் பிம்பிசாரர் போட்ட பாதை. கண்ணாடிப் பாலத்தின் கிலி கூட சம்வேகத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லிவிடலாம். ஆனால் கிலி இறங்கியதும் போய்விடும், அது கேட்பது அடுத்த கிலியைத்தான். கழுகுமலையின் பெயரை யோசித்துப் பார்த்தால் வேறு ஒன்று எழும். உச்சிப் பாறை கழுகைப் போல இருந்ததாலோ, கழுகுகள் வந்து அமர்ந்ததாலோ அந்தப் பெயர் என்பார்கள். 1990களில் தொடங்கி இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளில் மூன்று இனங்கள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. கழுகின் பெயரைத் தாங்கிய மலையில் நின்று வெறும் வானத்தைப் பார்ப்பவருக்கு நிலையாமையைப் பற்றித் தனியாக யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நம்பிக்கை உள்ளவருக்குத்தானே என்பது அடுத்த தடை. நான்கு தலங்களைச் சொல்லும் சூத்திரம், சிரத்தை உள்ள பிக்குகளும் பிக்குணிகளும் உபாசகர்களும் உபாசிகைகளும் அங்கே வருவார்கள் என்றுதான் பேசுகிறது. சிரத்தையின் பயனை அது அவர்களுக்கே வைத்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மரபு தன் தொடக்கத்தை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்று பாருங்கள். சித்தார்த்தர் தேரேறிப் போனது நந்தவனத்துக்கு. அசோகர் கைவிட்டது போன்ற ஓர் அரசகுல உலா. வழியில் கிழவர், நோயாளி, பிணம், துறவி என்று நான்கு காட்சிகள் குறுக்கே வந்தன. பௌத்தம் என்று ஒன்று இல்லாத காலத்தில், பொழுதுபோக்கப் போன வழியில் வந்த உலுக்கல் அது. தமிழில் சாத்தனாரின் மணிமேகலையும் இதே தடத்தில் போகிறது. அதன் நாயகி மணிமேகலை புறப்பட்டது பூக்கொய்ய, உவவனத்துக்கு. அங்கிருந்து தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே மணிபல்லவத்துக்குக் கொண்டுபோகிறது. விழித்தவள் வேண்டுதலோடு வந்த யாத்ரீகர் இல்லை, வழிதெரியாமல் கலங்கும் பெண். ஆளில்லாத தீவில் மணலும் நீர்நிலையுமாக அலைந்த பிறகுதான் புத்தரின் பீடிகை கண்ணில் படுகிறது. கண்டதும் முற்பிறப்பு தெரிகிறது. திரும்பும்போது அமுதசுரபி கையில் இருக்கிறது, ஊரின் பசி அவள் பொறுப்பாகிவிடுகிறது. தமிழின் பௌத்தக் காப்பியம் தலத்தைக் காண்பதற்கு நோக்கத்தை முன்நிபந்தனையாக வைக்கவில்லை. கண்ட பிறகு என்ன செய்கிறாள் என்பதில்தான் கதையையே நடத்துகிறது.

கூட்டத்தையும் வணிகத்தையும் காட்டி ஒரு தடை மிச்சமிருக்கிறது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கும் இடத்தில் எந்த உலுக்கல் வரும் என்பார்கள். புத்தகயா எப்போதாவது தனிமையாக இருந்தது என்ற கற்பனையில் எழும் கேள்வி இது. 4ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து போன பிக்குகள் தங்க இடம் கிடைக்காமல் திண்டாடித் திரும்பினார்கள். அதைக் கேட்ட இலங்கை அரசர் மேகவர்ணன், குப்தப் பேரரசர் சமுத்திரகுப்தரிடம் அனுமதி வாங்கி அங்கே ஒரு மடம் கட்டுவித்தார். யுவான் சுவாங் காலத்தில் அது செழிப்பாக நடந்துகொண்டிருந்தது. அயல்நாட்டுக் கூட்டமும் அதற்கான விடுதியும் அந்த ஊருக்குப் புதியவை இல்லை. இன்றைய கூட்டத்தின் குறை எண்ணிக்கையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. மகாபோதி வளாகத்துக்குள் கோயிலின் வடசுவரை ஒட்டி நீண்ட மேடை ஒன்று உண்டு. புத்தர் உலாவித் தியானித்த இடம் என்பது ஐதீகம். அடிவைத்த இடங்களுக்குக் கல்லில் தாமரைகள் செதுக்கியிருக்கிறார்கள், அவற்றின் மேல் பூ வைப்பார்கள். பின்பக்கம் போதியின் அடியில், இலை பறிக்கக் கூடாது என்பதால், தானாக ஓர் இலை விழாதா என்று அண்ணாந்தபடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். 2013இல் இங்கே நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கைபேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பாதுகாப்புக்காக வந்த விதி, அறியாமலே ஒரு பழைய நோன்பை மீட்டுக் கொடுத்திருக்கிறது. ஞானம் பெற்ற இரண்டாம் வாரம் புத்தர் ஏழு நாள் இமைக்காமல் போதி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று மரபு சொல்கிறது. நின்ற மேட்டில் அநிமேச லோசனம் என்ற கோயில் இருக்கிறது. நிழல் கொடுத்த மரத்துக்கு அவர் காட்டிய நன்றி, பார்வைதான். ஒரு தலத்தில் நாம் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதற்கு அந்த மேடு ஓர் அளவுகோல்.

வேகத்தைக் குறைத்தால் மட்டும் கணக்குத் தீராது. அரைநாளை ஒரு மரத்தடியில் கழித்துவிட்டு, உள்ளம் நெகிழ்ந்து, ஊரைத் திரும்பிப் பாராமல் ரயிலேறுகிறவர் பாதி யாத்ரீகர்தான். இங்கேதான் அசோகரிடம் திரும்ப வேண்டும். எட்டாம் கல்வெட்டு தம்ம யாத்திரையில் என்னென்ன அடக்கம் என்றும் சொல்கிறது: பிராமணரையும் சிரமணரையும் பார்ப்பது, கொடை கொடுப்பது, முதியோரைக் கண்டு பொன் வழங்குவது, நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் பேசுவது. கோயிலோ மரமோ பட்டியலில் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். இதில் கிடைக்கும் இன்பம் பெரிது என்றும் முடிக்கிறார். ஆக, அவர் இன்பத்தைத் துறக்கவில்லை. எதைக் கண்டு இன்புறுவது என்பதை மாற்றிக்கொண்டார். ஆள்கிறவர் ஊர் ஊராகப் போய் மக்களைப் பார்ப்பதில் அரசியலும் உண்டு, கண்காணிப்பும் உண்டு என்று சொன்னால் அது சரிதான். ஆனாலும் உருவேலாவின் பட்டியலில் கடைசியாக இருந்த கிராமத்தை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார். இன்றைய பயணியின் கையில் அரசு இல்லை. அவர் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் தங்குகிறது, அவர் குளிக்கும் தண்ணீர் எந்த ஆற்று மணலிலிருந்து ஏறுகிறது, அவர் விட்டுப்போகும் பிளாஸ்டிக் எந்த மாட்டின் வயிற்றுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ள அரசு வேண்டியதில்லை. கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் திருப்பித் தர வேண்டியது, செய்தே தீர வேண்டியது என்று இரண்டு பொருள். இனிய இடம் ஒன்றைக் கண்ணாரக் கண்டவர் இரண்டு பொருளிலும் கடன்பட்டவர்.

முடிசூடி இருபதாண்டு ஆனபோது அசோகர் லும்பினிக்கும் போனார். அங்கே நிறுத்திய தூணின் கல்வெட்டு 1896இல் மண்ணிலிருந்து மறுபடி வெளிப்பட்டது. பிராமி எழுத்தில் சில வரிகள்தான். அரசர் தாமே வந்து வழிபட்டது, சாக்கியமுனி புத்தர் பிறந்த இடம் இது என்பது, கல்தூண் நட்டது என்று வரிசையாகச் சொல்லிவருகிறது. பேரரசர் ஒருவர், அதுவும் பக்தர், இந்த இடத்தில் புகழுரையைத் தொடங்குவார் என்று எதிர்பார்ப்போம். கல்வெட்டு ஊரின் பக்கம் திரும்புகிறது: பகவான் இங்கே பிறந்ததால் லும்பினி கிராமத்துக்குப் பலி என்ற வரி நீக்கம், விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்பது பெரும்பாலோர் கொள்ளும் பொருள். ஆறில் ஒன்று என்பதுதான் சாத்திரங்கள் சொல்லும் அரசனின் பங்கு. பார்க்க வந்தவர், பார்த்துவிட்டுப் போகும்போது, அங்கே உழுகிறவர்களின் பாரத்தைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தர் பிறந்த மண்ணில் நிற்கும் தூணின் கடைசி வரி, வரியைப் பற்றியது.